கழுவி வைத்த துப்பாக்கி

அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள்.

போன மாதம் வெள்ளிமலையில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு எதிர் இலையில் ஒரு பெண். எங்கள் ஊருக்கு வாழ வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பாயசத்தை வழித்துக்கொண்டே பக்கத்து இலைக்காரியிடம் சொல்கிறாள்: "அந்தக் கீழ்நாட்டுக்காரிதானே? கட்டிக்கின வூட்டு ஜனத்தையே போலீசுல புடிச்சிக் குடுத்தவ." இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அங்கேயே நாலு வார்த்தை கொடுத்திருப்பேன், கல்யாண வீடாயிற்றே என்று விட்டேன். அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம் இவர்களுக்கு. நான் உயிரோடுதானே இருக்கிறேன்? மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது.

அவள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணன், எங்கள் மூத்தார், வாலிபத்தில் உளுந்தூர்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தார். மலைக்காரர்கள் எங்களுக்கு அது பெரிய குற்றம். மூன்று வருஷம் ஊரில் ஒருவரும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நானும்தான் குடிக்கவில்லை. எங்கள் அப்பா ஊர்க் கவுண்டர், அந்தத் திமிர் எனக்கு.

அவள் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. அவள் முகம் சுளித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வீட்டில் இருந்த துப்பாக்கியின் வாயில் விரலை விட்டு வெளியே எடுத்துப் பார்த்த அன்றைக்கு.

எங்கள் பக்கம் மரவள்ளி போட்டவன் துப்பாக்கி இல்லாமல் கிழங்கைக் கண்ணால் பார்க்க முடியாது. பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரியில் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போகும். ஊரில் லைசென்சு உள்ள துப்பாக்கி நாலு. எல்லாம் பழைய நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி இடித்து, குதிரையைத் தட்டிச் சுட வேண்டும். சுட்ட மருந்தில் பாதி புகையாகப் போகும், பாதி கரியாக உள்ளேயே தங்கும். அந்தக் கரி சும்மா இருக்காது. எங்கள் மலைப் பனியை இழுத்துக் குடித்து, பொழுது சாய்வதற்குள் சேறு மாதிரி ஆகிவிடும். மறுநாள் துரு. அதன் மேலேயே மறுபடி மருந்து, மறுபடி கரி.

அதைக் கழுவ வேண்டியதுதானே என்பீர்கள். கழுவ மாட்டார்கள். முதல் பன்றியை அடித்த வெடியின் கரியைக் கழுவினால் கைராசி போய்விடும் என்று ஒரு பேச்சு. பொம்பளை கை படக் கூடாது என்று இன்னொரு பேச்சு. வெளியே எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைப்பார்கள், பித்தளைப் பூண் போடுவார்கள், பொட்டு வைப்பார்கள். உள்ளே கை வைக்க மாட்டார்கள்.

"மேல பாத்தா மாப்ள மாதிரி கீது, உள்ள பாத்தா பொகப்போக்கி" என்றாள் அவள்.

அன்றையிலிருந்து மூத்தார் பரணில் காவல் இருந்துவிட்டு விடியலில் வந்தால், அவர் வருவதற்கு முன்னால் அவள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். அவர் அது காப்பிக்கு என்று நினைத்து உட்காருவார்.

"காப்பி இன்னாச்சி?"

"மொதல்ல இது குளிக்கட்டும். நீ எங்கியாவது ஓடிடப் போறியா இன்னாய்யா?"

குழலைக் கழற்றி, வாயில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவாள். முதல் தண்ணீர் மை மாதிரி வரும். இரண்டாவது சாம்பல் மாதிரி. மூன்றாவது தெளியும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும் என்பதில் அவள் கெடுபிடி. சூட்டில் இரும்பு தானே காய்ந்துவிடும், ஈரம் தங்காது என்பாள். பிறகு கம்பி முனையில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுப்பாள். துணி வெள்ளையாக வெளியே வருகிற வரைக்கும் விட மாட்டாள். கடைசியாக இலுப்பை எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி ஒரு பூச்சு. என் வீட்டுக்காரர் ஒருநாள், நானும் உதவுகிறேன் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டிக்குப் போடுகிற எண்ணெயை வாங்கி வந்து உள்ளே விட்டுவிட்டார். அடுத்த வெடியில் கரியும் அதுவும் சேர்ந்து தார் மாதிரி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் உட்கார்ந்து சுரண்டினாள். கொழுந்தனாரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த எண்ணெய் டப்பாவை மட்டும் கொண்டுபோய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இத்த சோத்துல ஊத்திக்கினு துன்னுங்க" என்றாள்.

துணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கலர்த் துணியில் கரி தெரியாதாம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வேட்டியும் முழுசாக இருந்ததில்லை. பொங்கலுக்கு ரேஷனில் வந்த வேட்டியை என் வீட்டுக்காரருக்கு என்று கொடியில் போட்டிருந்தேன். சாயந்திரம் பார்த்தால் பட்டை பட்டையாகக் கிழிந்து ஓலைப் பெட்டியில் அடுக்கி இருக்கிறது. நான் கத்தினது மேல்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"எம் புருஷன் கோமணம் கட்டிக்கினு போவட்டுமா?"

"ஒரு வேட்டி போச்சி. கையா போச்சி?" என்றாள், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கை என்று அவள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு ஒருநாள் சுரண்டிக்கொண்டே சொன்னாள். அவள் அப்பா களமருதூரில் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிறவர். இரும்புக் குழாயில் மருந்தை இடித்துக் கொளுத்துவது. ஒரு வருஷம் சாமி புறப்படுகிற நேரம், சீக்கிரம் சீக்கிரம் என்று எல்லோரும் சத்தம் போட, வெடித்த குழாயைத் துடைக்காமல் மறுபடி மருந்தைக் கொட்டிவிட்டார். கரிக்கு அடியில் கங்கு இருந்திருக்கிறது. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

"அவசரப்படுத்துனவங்க எல்லாம் சாமி பின்னாடி பூட்டாங்க. எங்கப்பனுக்கு சோறு ஊட்டுனது நானு" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மூத்தார் வாயில்லாத மனுஷர். அவர் இடிக்கிற கம்பியில் அரத்தால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். மருந்தும் ரவையும் சரியாக உள்ளே இறங்கினால் கோடு குழலுக்குள் மறையும். கோடு வெளியே தெரிந்தால் கரி அடைத்துக்கொண்டு ரவை நடுவழியில் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது சுட்டால் குழல் வெடித்து முகத்துக்கு வரும். பன்றி கண்ணெதிரே நின்றாலும் கோடு தெரிந்தால் அவர் சுட மாட்டார். ஒரு துணியை எச்சிலில் நனைத்து உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார், பன்றி கிழங்கைத் தின்றுகொண்டிருக்கும். பரணில் இருக்கிற மற்றவர்கள் சிரிப்பார்கள். "துப்பாக்கிக்கு வளைகாப்பு எப்போங்க?" என்று அவரைக் கேட்பார்கள்.

சிரித்தவர்களில் முதல் ஆள் என் தம்பி. அப்பாவுக்குப் பிறகு என் பிறந்த வீட்டுத் துப்பாக்கி அவனிடம் இருந்தது.

மாரியம்மன் திருவிழாவில் நாலு துப்பாக்கியையும் மேலே நீட்டிச் சுடுவது வழக்கம். அந்த வருஷம் அவள் கோயில் ஓரத்தில் தலையைச் சாய்த்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் சுட்டு முடித்ததும் நேரே என் தம்பியிடம் போனாள்.

"தம்பி, உன்னுது தாமசமா பேசுது. குதிர வுழுற சத்தம் டக்குனு கேக்குது, அதுக்கப்பறம் ஒரு மூச்சு வுட்டுட்டுதான் வெடிக்குது. நெருப்பு போற ஓட்டைல கரி அடைஞ்சிகினு கீது. இன்னிக்கே கழுவு. இல்லன்னா குடு, நான் கழுவித் தரேன்."

அவன் சிரித்தான். "எங்க தாத்தா அடிச்ச பன்னிக் கரி அக்கா அது. இத்தக் கழுவச் சொல்ற, நாளைக்கு சாமியக் கழுவச் சொல்லுவ போல."

"சாமியத்தான் தெனம் கழுவுறாங்களே" என்றாள் அவள்.

கோயில் வாசலே சிரித்தது. பூசாரிகூடச் சிரித்தார். என் தம்பி முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தோ பாருக்கா, எங்கப்பன் வூட்டு சாமான் மேல உன் கை படக் கூடாது. உன் வூட்டோட நிறுத்திக்க."

"சரி புள்ள, படாது" என்றாள்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். விடிந்தும் விடியாத நேரம், பங்காளி வழியில் ஒருத்தர், காணாமல் போன கன்றுக்குட்டியைத் தேடி மக்காச்சோளக் கொல்லை ஓரமாக வந்திருக்கிறார். காலில் ரவை பாய்ந்து விழுந்துவிட்டார். கெண்டைக்கால் சதை கிழிந்து ரத்தம். கூச்சல் கேட்டு ஓடி, ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யார் சுட்டது என்று அவர் பார்க்கவில்லை.

நான் பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். என் தம்பி நேரே என் வீட்டுப் பின்கதவுக்குத்தான் வந்தான். பன்றியைக் குறிவைத்துக் குதிரையைத் தட்டியிருக்கிறான். வெடிக்கவில்லை. மருந்து நமுத்துவிட்டது என்று குழலைக் கீழே இறக்கித் திரும்பியிருக்கிறான். அப்போது அதுவாக வெடித்திருக்கிறது.

"வாயத் தொறக்காத. வூட்டுக்குப் போ" என்றேன். சொன்னது நான்தான்.

மத்தியானத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. நாலு துப்பாக்கியையும் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கீழே இருந்து வந்த சின்ன வயசு எஸ்.ஐ. ஒவ்வொரு குழலாக மோந்து பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார். மூன்று துப்பாக்கியும் கருகரு என்று ஒரே மாதிரி. எங்கள் மூத்தார் துப்பாக்கியில் விட்ட விரல் சுத்தமாக வந்தது.

"இது மட்டும் எப்படிய்யா கழுவியிருக்கு? எண்ணெய் வாசம் அடிக்குது?"

"தெனம் கழுவும் சார்" என்றார் மூத்தார்.

"யாரு?"

"சம்சாரம்."

"பொம்பள துப்பாக்கி கழுவுதா? யாருகிட்ட கத வுடுற? சுட்டுட்டு, சாட்சிய அழிச்சிட்டு வந்து நிக்கிறியா? ஏறு ஜீப்புல."

ஏற்றிவிட்டார்கள். ஊரே நின்றது. அவள் விடியலில் துப்பாக்கி கழுவுவதை இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்த ஊர். ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஆமாம் சார் அந்தம்மா தினமும் கழுவும் என்று வாயைத் திறந்திருக்கலாம். வளைகாப்பு எப்போது என்று கேட்ட வாய்கள் எங்கே போயின? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஜீப்பில் இருக்கிறவர் என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், ஒண்ணு கேக்கறேங்க. சட்டி கழுவி வெச்சிருக்கிறவ வூட்லதான் நேத்து திருட்டுக் கோழி துன்னாங்கன்னு சொல்லுவீங்களா? கழுவாம போட்டு வெச்சிருக்கிறவ யோக்கியமா?"

"நீதான் சம்சாரமா? தள்ளிப் போம்மா."

"போறேங்க. நாலுலயும் சுடுதண்ணி ஊத்திப் பாத்துட்டு இட்டுக்கினு போங்க. பழைய கரின்னா செவப்பாத் துரு வரும். இன்னிக்குக் கரின்னா மையாட்டம் கருப்பா வரும், அழுவுன முட்ட நாத்தம் அடிக்கும். எங்களுதுல ஒண்ணும் வராது, நாங்க நேத்து ராத்திரி சுடவே இல்ல. ஊத்திப் பாத்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

எஸ்.ஐ. என்ன நினைத்தாரோ, சரி என்றார். சத்துணவு அடுப்பில் அலுமினியக் குண்டானை ஏற்றினாள். சேலைத் தலைப்பால் பிடித்துக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கி வந்தாள். மூத்தார் துப்பாக்கியில் ஊற்றினாள், தண்ணீர் போனபடியே வந்தது. இரண்டாவதில் ஊற்றினாள், செங்கல் நிறத்தில் துரு. மூன்றாவதும் அப்படியே. இன்னும் ஒன்றுதான் இருந்தது. ஒரு செம்பைத் தண்ணீரில் முக்கினாள். முக்கிவிட்டு, செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, ஊத்து."

"இது என் ஓரகத்தி அப்பன் வூட்டுதுங்க. என் கை படக் கூடாதுன்னு ஊர் முன்னாடி சொல்லிக்கீறா. நானும் படாதுன்னு வாக்குக் குடுத்துக்கீறேன். அவளையே ஊத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் நகர்ந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ. பார்த்தார், ஊர் பார்த்தது. என் தம்பி பார்த்தான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு பார்த்தாள். ஜீப்புக்குள் இருந்தவர் மட்டும் தலை குனிந்திருந்தார். செம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ஆவி நின்ற பிறகும் நின்றேன் என்பது தெரியும். பிறகு போய்ச் செம்பை எடுத்து ஊற்றினேன்.

மை. கையில் தெறித்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"நான்தான் சார்" என்றான் என் தம்பி. "வேணும்னு சுடல. தானா வெடிச்சிது."

"எல்லாரும் அதத்தான் சொல்வான்" என்று எஸ்.ஐ. அவன் சட்டையைப் பிடித்தார்.

அப்போது குறுக்கே வந்தவள் யார் தெரியுமா? பந்தியில் பாயசம் வழித்தவளுக்குச் சொல்கிறேன், அந்தக் கீழ்நாட்டுக்காரிதான் வந்தாள். "சார், அவன் பொய் சொல்லல. இந்த ஓட்டையில ஊசி விட்டுப் பாருங்க, போவாது. அடைச்சிக்கினு கீது. இது தட்டுனவுடனே வெடிக்காது, தாமசிச்சி வெடிக்கும். ஒரு மாசமாவே அப்படித்தான், கோயில்ல நான் சொன்னனா இல்லியான்னு ஊரக் கேளுங்க."

ஊரைக் கேட்டார். அப்போதுதான் ஊருக்கு வாய் வந்தது. ஊசி விட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. அதனால்தான் கொலை முயற்சி என்று எழுத இருந்ததைக் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதனால்தான் என் தம்பி இன்றைக்குப் பேரன் பேத்தியோடு உட்கார்ந்து சோறு தின்கிறான். தண்ணீரை ஊற்றின கை என்னுடையது. நாற்பது பேர் பார்த்தார்கள். அந்த நாற்பது பேரும் மறுநாள் காலையிலிருந்து என்ன சொன்னார்கள்? கீழ்நாட்டுக்காரி காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று. ஊர்க் கவுண்டர் மகளைச் சொல்ல நாக்கு வரவில்லை, வந்தேறியைச் சொல்ல வந்தது. மறுத்துச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன். நானும் அவள் இருந்த வரைக்கும் சொல்லவில்லை, அவள் போன பிறகும் இத்தனை வருஷம் சொல்லவில்லை. ஊரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவளும் ஒருநாளும் ஊற்றினது இவள்தான் என்று என்னைக் கை காட்டவில்லை.

மூத்தாரை இறக்கி, என் தம்பியை ஏற்றினார்கள். அவன் துப்பாக்கியை ஒரு போலீஸ்காரர் எடுத்துக்கொண்டார். குழல் வாயிலிருந்து இன்னும் கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜீப் உறுமுகிறபோது அவள் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஈரத்தோட எடுத்துக்கினு போனா நாளைக்குள்ள துரு துன்னுடும். தொடச்சித் தரேங்க."

"அது கேஸ் பொருளும்மா. தள்ளு."

ஜீப்புக்குள்ளிருந்து என் தம்பி குரல் கேட்டது. அழுதிருந்தான். "குடுங்க சார். அவங்க கையாலயே தொடச்சிக் குடுக்கட்டும்."

எஸ்.ஐ. மோட்டாரை நிறுத்தச் சொன்னார். அவள் பள்ளிக்கூட வாசல் மண்ணில் உட்கார்ந்து குழலை மடியில் வைத்துக்கொண்டாள். கையில் துணி இல்லை. என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே விட்டு இழுத்தாள், கறுப்பு. மறுபடி இழுத்தாள், மறுபடியும் கறுப்பு. ஜீப் காத்துக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது திட்டுவாள், நாலு பேர் எதிரில் கேட்பாள், கேட்கட்டும் என்று நின்றேன்.

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"தண்ணி ஆறிப்போச்சி புள்ள. ஊத்தறவ, சூடா இருக்கறப்பவே ஊத்தியிருக்கலாம்."